கண் கொடுத்தவள்

படங்கள் மினுங்குகின்றன என்று சத்யப்ரியா சொன்னாள். பவதாரிணிக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

"நல்லாப் பாருடி. இந்தா, இப்ப. இந்தா, திரும்பவும்."

பார்த்தாள். திரையில் வரிசைக்கு எட்டாக முகங்கள். எல்லாம் கண் மூடிய முகங்கள். எதுவும் அசையவில்லை.

பிற்பகல் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே திருமங்கலம் சாலை வரைக்கும் கருவேலங்காடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காலேஜ் லேப்பில் ஏசி ஓடி மூன்று நாளாகிவிட்டது. பினாயில் வாடையும், சூடேறிய வயர்களின் வாடையும், அவற்றுக்கு அடியில் எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி வாடிய சம்பங்கி மாலையின் வாடையும் கலந்து, மின்விசிறி சுற்றச் சுற்ற அவள் முகத்தில் வந்து படிந்துகொண்டிருந்தன.

"கரன்ட் ஏறி இறங்குது போல" என்றாள் சத்யப்ரியா. "எனக்குத் தலை வலிக்குது. நீ பாத்துக்க."

மினுங்குவது பெரிய விஷயமில்லை. புரோகிராம் ஓடி முடித்துவிட்டது, நானூற்றுப் பன்னிரண்டு படங்களும் தயார் என்று திரையில் எழுதியிருந்தது. மூடிய கண்களைத் திறந்துவிடுவதுதான் அந்தப் புரோகிராமின் வேலை. ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கேன்டீன் மேசையில் அவர்கள் மூவரும் பிளான் போட்டார்கள். ராம்கிதான் டீம் லீடர். அவனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

"கல்யாண வீட்டு போட்டோவுல அம்புட்டுப் பேரும் நல்லா நிப்பாய்ங்க. தாய்மாமன் மட்டும் கண்ண மூடியிருப்பாரு. அதத் திறந்து விடணும். அதான் ப்ராஜெக்ட்."

நோட்டில் கோடு போட்டான். மேடையில் பேசுவது ராம்கி. ரிப்போர்ட் எழுதுவது சத்யப்ரியா. மீதி பவா.

"மீதின்னா?" என்று கேட்டாள் பவதாரிணி.

"மீதின்னா மீதி."

மூடிய படமும் திறந்த படமும் சோடி சோடியாகக் காட்டினால்தான் புரோகிராம் கற்றுக்கொள்ளும். நானூறு சோடியாவது வேண்டும். அவளுக்குக் கோரிப்பாளையத்தில் அழகுமலை அண்ணனின் ஸ்டுடியோ ஞாபகம் வந்தது. இரண்டு கோடை விடுமுறைக்கு அங்கே வேலை பார்த்திருந்தாள்.

உயிரோடு இருந்தபோது ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாதவர்களின் வீட்டார் அங்கே வருவார்கள். பேரையூர்ப் பக்கம், உசிலம்பட்டிப் பக்கம், எல்லாம் கூலி வேலைக்குப் போன சனம். ஐஸ் பெட்டியில் கிடத்தியபின் செல்போனில் எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். அண்ணன் மூக்கிலிருந்த பஞ்சை எடுப்பார். தாடைக்கட்டை எடுப்பார். பின்னால் நீலம் கொடுப்பார். கடைசியில் கண்ணைத் திறப்பார். அதற்குக் கூடப்பிறந்தவர்களையோ பிள்ளைகளையோ நிற்கவைத்துப் படமெடுத்து, அவர்கள் கண்ணை எடுத்து வைப்பார். பதினாறாம் நாளுக்குள் சட்டம் போட்டு வாங்கிப் போவார்கள். பிரின்ட் போட்டதும் திறந்த படத்தை அழித்துவிடுவார். மூடிய படம் மட்டும் இருக்கும்.

"ஒருத்தர் கண்ணு ஒருத்தருக்குத்தான் தாயி" என்று அவர் சொல்லியிருந்தார். "அதுவும் பதினாறு நாளைக்கு இரவல். அப்புறம் அழிச்சிரணும்."

பழைய ஆளின் பழக்கம் என்று அவள் அதை விட்டுவிட்டாள். ஹார்ட் டிஸ்க் கேட்டதும் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு மூடிய முகங்கள். திறந்தது ஒன்றும் இல்லை.

"கண்ணு இல்லையா?" என்றான் ராம்கி. "ஒனக்கு இருக்குல்ல?"

அழகுமலை அண்ணன் சொன்னதை அவள் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ரிவியூவுல மேடம் கேட்டா இதச் சொல்றியா? ஸ்டுடியோக்காரரு சொன்னாருன்னு? ஒன் பேர எடுத்துட்டு வேற ஆளப் போட்டுக்குறேன்."

சென்னைக் கம்பெனி ஒன்று அவளை வேலைக்கு எடுத்திருந்தது. ஒரு பாடத்தில்கூடத் தவறக் கூடாது என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். ப்ராஜெக்ட்டும் ஒரு பாடம். அந்தக் கடிதத்தை அவள் அம்மா பாலித்தீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். வீட்டில் எலி எட்டாத இடம் அது ஒன்றுதான்.

ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சத்யப்ரியா அவள் கண்களை அறுபது கோணத்தில் படமெடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு முகங்களுக்கும் அந்தக் கண்களையே வைத்தார்கள். ராம்கி நோட்டில் ஒரு வரி சேர்த்தான். கண்: பவா.

இப்போது லேப்பில் அவன் வந்து அவள் பின்னால் நின்றான். முதல் படத்தைப் பெரிதாக்கினான். சோணையம்மாள், எண்பது வயதுக்கு மேல். வலது உதட்டோரம் கீழே தொங்கியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"ரெண்டு வாரமா இதத்தான் செஞ்சியா?"

"புரோகிராம் சரியாத்தான் ஓடுச்சு ராம்கி."

"ஓடுச்சுல்ல, அப்ப திறக்கச் சொல்லு."

பென்டிரைவில் அத்தனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்று ஹாஸ்டலில் பத்தரை மணிக்குப் படுத்தாள். கனவில் ஒரு அறை. கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருந்தது. சிவப்பு பனியன் போட்டுக்கொண்டு ராம்கி பரோட்டா தின்றுகொண்டிருந்தான். சால்னா வழிந்த விரலை நக்கினான். அவள் பக்கம் திரும்பினான். மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். கிட்டே வந்தான். வெகு கிட்டே. அவன் மூக்கு நுனியில் வியர்வை தெரிந்தது. விடியும்வரை அவன் முகம் நகரவில்லை.

காலையில் லேப் வாசலில் அவன் காத்திருந்தான். தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"பத்தரைக்குத் திறந்துச்சு" என்றான். "அம்புட்டும். ராத்திரி பூரா திறந்தே இருந்துச்சு. காலைல ஆறரைக்கு மூடிக்கிருச்சு. எத்தன மணிக்கு எந்திரிச்ச?"

ஆறரைக்குத்தான் அவள் எழுந்திருந்தாள். அதை விட்டுவிட்டுக் கனவைச் சொன்னாள்.

"சிவப்பு பனியன் போட்டிருந்த. பரோட்டா தின்ன."

அவன் முகம் வெளிறியது. பயந்துவிட்டான், இனி அழித்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். சத்யப்ரியா ஏற்கெனவே உள்ளே இருந்தாள். லேப்டாப்பைத் திறந்து அவளுக்கு நேராக வைத்தான்.

"கண்ண மூடு."

"வேணாம் ராம்கி."

"மூடுடி."

மூடினாள்.

இருட்டு வரவில்லை. எதிரில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. மிகக் கிட்டே. திரை வெளிச்சம் அதன்மேல் நீலமாகப் படிந்திருந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. செத்தவள் என்று நினைத்தாள். காதோரத்தில் தன் வெள்ளிக் கம்மலைப் பார்த்தாள்.

அலறிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். திரையில் சோணையம்மாள் மூடிய கண்களோடு இருந்தாள்.

"சூப்பர்டி" என்றாள் சத்யப்ரியா. திரையை விட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். ஆனாலும் கைதட்டினாள்.

வெளியே செருப்புகள் கழற்றிக் கிடந்த இடத்தில் நின்று அழகுமலைக்குப் போன் போட்டாள்.

"எத்தன பேருக்குக் குடுத்த?"

"எல்லாருக்கும்ணே."

மறுமுனையில் கோரிப்பாளையத்து பஸ் ஹாரன்கள் கேட்டன.

"ஒருத்தருன்னா பிள்ளைகள ஒரு தடவ பாப்பாக. குடுத்துருவாக. போட்டோவுக்குக்கூட நிக்காத சனம் தாயி. இம்புட்டுப் பேருட்ட ஒத்தக் கண்ணக் குடுத்திருக்க. யாருட்டப் போய்த் திருப்பிக் கேப்ப?"

"அழிச்சிரட்டுமாண்ணே?"

"இப்பவே அழி. கண்ண மூடாம அழி."

"மூடுனா?"

"அது ஒங் கண்ணு இல்ல அப்ப."

உள்ளே போனாள். தன் கணினியில் இருந்ததை இமைக்காமல் அழித்தாள். கண்ணில் நீர் கொட்டியது. ராம்கியின் லேப்டாப் அவன் மடியில் இருந்தது.

"நாளைக்கு ரிவியூ" என்றான். "முடியட்டும். ஒன் கையாலயே அழிச்சுக்க."

"நான் வரல."

"வராட்டி போ. பேர எடுத்துருவேன். அரியர் விழுகும். சென்னைக்காரன் ஒனக்காகக் காத்துக்கிட்டிருப்பானாக்கும்."

நோட்டை எடுத்தான். பிளானில் கடைசியாக இரண்டு வரி எழுதினான். 'இப்பப் பாருங்க மேடம்' என்றதும் பவா கண்ணை மூட வேண்டும். 'தேங்க் யூ மேடம்' என்றதும் திறக்க வேண்டும்.

"அஞ்சு நிமிஷம்" என்றான். "அஞ்சு நிமிஷம் சும்மா நிக்க முடியாதா?"

அன்றிரவு அவள் தூங்கவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, வராந்தா விளக்கின் கீழே விடியும்வரை நடந்தாள். ஒவ்வொரு முறை இமைத்தபோதும் ஏதோ தெரிந்தது. ராம்கியின் அறை. உத்தரம். சுவர். ஒரு நொடியில் பாதி. அறை மாறவில்லை. பார்த்த இடம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பதுபோல. விடியும் நேரத்தில் அந்த வரிசை நின்றுவிட்டது. ஒரே இடத்திலிருந்து மட்டும் தெரிந்தது. யாரோ முன்னால் வந்து நின்றுகொண்டு விலக மறுத்தார்கள்.

செமினார் ஹால். காலை பதினொன்று. திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். நாற்காலிகளில் மற்ற டீம்கள். முன்வரிசையில் ராஜஸ்ரீ மேடம், மதிப்பெண் தாளோடு. ராம்கி மைக்கைப் பிடித்தான். திரையில் சோணையம்மாள், ஆள் உயரத்துக்கு.

பவதாரிணி சுவரோரம் நின்றாள். சம்பங்கி வாடை. பன்னீர் வாடை. குளிர்ந்த இரும்பின் வாடை.

"இப்பப் பாருங்க மேடம்."

மூடினாள்.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. புரொஜெக்டரின் வெளிச்சம், நேர் எதிரே, தூசி மிதக்க. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக முகங்கள் அவளையே பார்த்தன. ஹாலில் கைதட்டினார்கள். சத்தம் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வருவதுபோல வந்தது.

"அந்தப் பொண்ணு ஏன் கண்ண மூடிக்கிட்டு நிக்குது?" மேடத்தின் குரல்.

"பயம் மேடம். ஊர்ப் பொண்ணு."

சிரித்தார்கள். ராம்கி படத்தை மாற்றினான். ஹால் சற்று இடது பக்கம் நகர்ந்தது. மாற்றினான். வலது பக்கம் நகர்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. சுவரோரம் நின்ற பெண்ணை அவள் ஒவ்வொரு இடத்திலிருந்தும் பார்த்தாள். துப்பட்டா தோளில் சரிந்திருந்தது. சரிசெய்ய நினைத்தாள். அந்தப் பெண்ணின் கை அசையவில்லை.

முதல் படத்துக்குத் திரும்பினான்.

யாரோ அவளை இடித்துக்கொண்டு போனார்கள். திருவிழாக் கூட்டத்தில் தோளை ஒதுக்கிவிட்டு முன்னால் போவதுபோல. எலும்பான தோள். குளிர்ந்திருந்தது. வெளியே போனது.

"தேங்க் யூ மேடம்."

திறந்தாள்.

திறக்கவில்லை.

கீழே, சுவரோரம் நின்ற பெண் கண்ணைத் திறந்தாள்.

கைகளைத் தூக்கிப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். விளக்குகளைப் பார்த்தாள். அவளுடைய வலது உதட்டோரம் மெல்லக் கீழே இறங்கியது.

"யாத்தே" என்றாள். "எம்புட்டு வெளிச்சம்."

ஹால் முழுக்கச் சிரித்தது. மேடமும் சிரித்தார்.

ராம்கி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். திரையில் கண்கள் மூடவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. திரைக்குள்ளிருந்து பவதாரிணி அவனையே பார்த்தாள். பார்க்க மட்டும்தான் முடிந்தது. ராம்கி. ராம்கி.

"குட். அடுத்த டீம்" என்றார் மேடம்.

ராம்கி லேப்டாப்பை மூடினான்.

இருட்டு. பக்கத்தில் யாரோ நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டார்கள்.