மூடி வைத்த குறடு

கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியும், பல் பிடுங்கும் குறடுகளைக் கொதிக்க வைக்கும் பெட்டிக்குள் அவை ஒன்றோடொன்று மோதிக் கடகடத்துக்கொண்டிருந்தன. தாயாரம்மாள் பெருக்குவதை நிறுத்தினாள்.

ஆடிக் கிருத்திகை. ஒரகடத்துச் சனமெல்லாம் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போயிருந்தது, டாக்டரும்தான். பட்டப்பகலில் கிளினிக்கில் அவள் மட்டும். டெட்டால் வாடை, ஈர இரும்பின் வாடை, அதற்கும் அடியில் கழுவினாலும் போகாத ரத்த வாடை.

பதினோரு வருஷம் அந்தக் குறடுகளைக் கழுவி, வேகவைத்து, எண்ணெய் போட்டு அடுக்கியவள் அவள். தொண்ணூற்றொன்று பங்குனியில்தான் நர்ஸ் ஷெர்லின் வந்தாள். வந்த வாரமே, "வாயத் தொறந்து வெச்சி வேக வெய்ங்கக்கா. மூடி வெச்சா மூட்டுல கீற ரத்தம் அப்பிடியே நின்னுடும்" என்றாள்.

"நேத்து வந்தவ எனக்குச் சொல்றியா?" என்று தாயாரம்மாள் முறைத்தாள். ஆனால் டாக்டர் அவள் இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல். ஷெர்லின் சிரித்தால் எரிந்தது, சாவி குலுங்கினால் எரிந்தது.

ஷெர்லின் பேர் கெட்டு வேலை போகட்டும் என்றுதான், ஒரு நாள் தாயாரம்மாள் ரத்தக் குறடு ஒன்றைத் தேய்க்காமலே இறுக மூடிப் பெட்டியில் போட்டு, தண்ணீர் சுட்டதும் எடுத்து வைத்தாள்.

அதில்தான் வடக்குப்பட்டு கன்னியப்பனுக்குப் பல் பிடுங்கினார்கள். தாடை வீங்கி, வாய் பூட்டிக்கொண்டு, தண்ணீர்கூட இறங்காமல் ஒன்பதாம் நாள் செத்துப்போனான். குறடுகளின் பொறுப்பு அவளிடம் இருந்ததால் பழி ஷெர்லின் மேல் விழுந்தது. நேற்றுத்தான் அழுதபடி சாவியைத் தாயாரம்மாள் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாவி இப்போது இடுப்பில்தான் இருந்தது.

கடகட.

எலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியின் மூடியைத் தூக்கினாள். சத்தம் நின்றது. தண்ணீர் சில்லிட்டிருந்தது. காலையில் வீம்புக்கென்றே ஏழு குறடுகளையும் மூடிப் போட்டிருந்தாள். ஒன்று மட்டும் வாயைத் திறந்திருந்தது.

அதை அமுக்கி மூடினாள். மெதுவாக மறுபடியும் திறந்தது.

மூடியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

கடகட. கடகட.

திரும்பினாள். மூடி தரையில் கிடந்தது.

கத்தப் போனாள். தாடை அசையவில்லை. விரல்களைப் பல்லிடுக்கில் விட்டு நெம்பினாள். பூட்டிக்கொண்டிருந்தது. நகம் பிய்ந்தது. அலறல் மூக்கு வழியே முனகலாக வந்தது.

தண்ணீருக்கு மேலே எழும்பிய ஏழு குறடுகளும் அவள் பக்கம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்தன.