ரெண்டேரா காட்டிய இடம்

வலை வெறுமையாக வந்தது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் ஒஸ்னி முதலில் நினைத்தான். மடவை மீன் கூட்டம் கடைசி நொடியில் திசை மாறியிருக்கும், குளிரில் மரத்த விரல் வலையை விடக் கொஞ்சம் தாமதித்திருக்கும், தெற்கிலிருந்து அடிக்கும் இந்த ஜூன் மாதக் குளிர்காலக் காற்றில் யாருக்கும் நடப்பதுதான். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் அவனுக்கு இருபுறமும் வரிசையாக நின்றிருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை என்பது அவர்கள் திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. ரெண்டேரா என்று பெயர் வைத்த டால்பின் முதுகை வளைத்துத் தலையால் தண்ணீரை அறைந்தது அவனுக்கு நேர் எதிரில். அவள் அறைந்த இடத்திலேயேதான் வலையும் வட்டமாக விரிந்து விழுந்தது. லகூனா ஊர் முகத்துவாரத்தில் அந்த ஓங்கில் காட்டிய இடத்தில் வீசிய வலை இதுவரை சும்மா வந்ததில்லை.

அந்தத் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. பால் கொஞ்சமாக ஊற்றிய காப்பியின் நிறம். உள்ளங்கையை முக்கினால் உள்ளங்கை காணாமல் போகும். அதனால் ஓங்கில்கள் கால்வாயிலிருந்து மடவையைக் கரைப்பக்கம் ஓட்டி வரும், வலையை மடித்துத் தோளிலும் கையிலும் போட்டு அதன் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள், ஓங்கில் அறைந்ததும் வீசுவார்கள். வலைக்கு மிரண்டு சிதறுகிற மீன் அவளுக்கு. வலைக்குள் விழுந்தது இவர்களுக்கு. என்ன இருக்கிறது என்று பார்த்து வீசுகிற வேலையே இங்கே கிடையாது. அவள் சொன்னால் வீச வேண்டியது.

"என்ன ஒஸ்னி, வலையில ஓட்டை பெருசா இருக்கோ? திமிங்கிலம்கூட நழுவிரும் போலயே," என்றார் பக்கத்தில் நின்ற அடீலியோ. வரிசையில் யார் எங்கே நிற்பது, யாருக்கு இடம் கிடையாது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்தான்.

"உங்க மூஞ்சியப் பாத்து மீன் திரும்பிப் போயிருக்கும், அண்ணே."

சிரித்தார்கள். ரெண்டேரா மறுபடி வந்தாள். ரெண்டேரா, அதாவது பின்னல்காரி, என்று பெயர் வைத்ததே அவளுடைய முதுகுத் துடுப்பின் ஓரம் அறுந்த சரிகை போலத் தொங்குவதால்தான். அந்தத் துடுப்பு மற்ற எல்லோரையும் தாண்டி வந்து ஒஸ்னியின் முன்னால் நின்றது. அறைந்தாள். வீசினான். வெறுமை. மூன்றாவது முறையும் அவனிடமே வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இழுத்த வலையிலிருந்து மீன் வாடையோ சேற்று வாடையோ வரவில்லை. வெதுவெதுப்பான, கொழுத்த, புளித்த பாலின் வாடை வந்தது. அவன் வலையைத் தண்ணீரில் அலசினான். மறுபடி அலசினான்.

அலைதடுப்புக் கற்களின் மேல் ஜுசேலியா கேமராவோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா இறால் உரித்துப் படிக்கவைத்த பெண். கல்லூரிக்குப் போய்விட்டு வந்து, இப்போது பகல் முழுக்க ஓங்கில்களின் துடுப்பைப் படம் பிடித்து எது எது என்று அடையாளம் பார்ப்பது அவள் வேலை.

"ஒஸ்னி அண்ணே, அவ வேற யார் முன்னாடியும் நிக்க மாட்டேங்குறா. கவனிச்சீங்களா?"

"அழகானவனைப் பாத்தா எந்தப் பொம்பளையும் நிக்கத்தான் செய்வா. காலேஜுல இதச் சொல்லித் தரலயா?"

அவள் கேமராவை இறக்கினாள். "குட்டியக் காணோம்."

"கடல் பக்கம் போயிருக்கும்."

"பால் குடிக்கிற குட்டி தாயை விட்டுட்டு எங்க போகும்? செத்திருந்தா அதை மூக்கு மேல வச்சுக்கிட்டு நாள்கணக்கா சுத்துவா. அழுகி உதிர்ற வரைக்கும் விட மாட்டா. இவகிட்ட சுமக்கக்கூட ஒண்ணும் இல்ல. எந்த நாயோ அதையும் மிச்சம் வைக்கல."

ஒஸ்னி ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். தோள் வழியாகத் தண்ணீர் முதுகுக்கு இறங்கியது. அது சுட்டது.

சில நாட்களுக்கு முன், கெளுத்தி மீனுக்காகத்தான் ஒரு வலையை அவன் உள்கால்வாயில் கட்டியிருந்தான். அங்கே செவுள் வலை கட்டக்கூடாது என்று தடை இருப்பதும், கட்டியவனுக்குக் கரையில் எந்த வரிசையிலும் இடம் கிடையாது என்பதும் தெரிந்தேதான் கட்டினான். விடியற்காலை போய்ப் பார்த்தபோது வலை கனத்தது. குட்டி வாலோடு சுருண்டு சிக்கியிருந்தது. உயிர் இருந்தது. மூச்சுத்துளை திறந்து திறந்து மூடியது. வலையின் கண்ணிகளை அறுத்திருந்தால் போயிருக்கும். வலை புதுசு. அவன் கத்தியை எடுத்து வலையைப் பார்த்தான், குட்டியைப் பார்த்தான், பிறகு வலையை விட்டுக் குட்டியை வால் சேரும் இடத்தில் அறுத்தான். தாய் படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள். துடுப்புக்கட்டையால் அவள் தலையில் போட்டான். அப்போதும் போகவில்லை. குட்டியின் உடம்பில் நங்கூரக்கல்லைக் கட்டி ஆழத்தில் தள்ளிய பிறகுதான், ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கண்ணைத் தண்ணீருக்கு மேல் வைத்து, அவனை நன்றாகப் பார்த்துவிட்டு, மூழ்கினாள்.

மிருகம்தானே என்று அன்று அவன் சொல்லிக்கொண்டான். அவனுக்கு மிருகமாகத் தெரிந்தவை உலகத்தில் நிறைய இருந்தன.

வெறும் வலையோடு திரும்பிய அன்று மாலை மரவள்ளிக் கூழும் பொரித்த மீனும் தின்றுகொண்டிருக்கும்போது கழுவுதொட்டிக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. அழுத்தி வைத்திருந்த மூச்சை ஒரே வீச்சில் விட்டு, உடனே உள்ளே இழுக்கும் சத்தம். ப்ஹா. பிறகு ஒன்றுமில்லை. வீடு காயல் கரையில் இருந்தது, குழாயில் காற்று ஏறியிருக்கும். அவன் மனைவி சிலேனே தட்டை எடுத்துப் போனாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"என்ன?"

ப்ஹா. இந்த முறை தரைப்பலகைக்கு அடியில், அவன் நாற்காலிக்கு நேர் கீழே. பலகை இடுக்கு வழியாகச் சூடான காற்று அவன் கணுக்காலில் பட்டது. பால் வாடை.

"ஒண்ணுமில்ல," என்றான்.

மறுநாள் போகாமல் இருந்துவிடலாம். உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாம். ஆனால் கால்வாயில் யாரோ வலை கட்டியிருக்கிறார்கள் என்ற பேச்சு அதற்குள் கரை முழுக்கப் பரவிவிட்டது, மடவை ஓடுகிற பருவத்தில் தண்ணீரில் இறங்காமல் எவன் வீட்டில் முடங்கினானோ அவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். வரிசையில் இடம் போனால் அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை. வேறு தொழில் தெரியாது. அடீலியோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், லகூனாவில் எந்தக் கரையிலும் அவனால் கால் நனைக்க முடியாது. ஆகவே போனான்.

ரெண்டேரா காத்திருந்தாள்.

அவன் முன்னால் அறைந்தாள். வீசினான். இழுத்தபோது கனத்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது அவனுக்கு. பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். வலை மேலே வந்தது. உள்ளே ஒரு கல். நடுவில் துளையிட்ட நங்கூரக்கல், அதில் பச்சைக் கயிறு, கயிற்றில் அவன் மட்டுமே போடுகிற இரட்டை முடிச்சு. முடிச்சுக்குள் எதுவும் இல்லை. எதைச் சுற்றிக் கட்டப்பட்டதோ அது உருவப்பட்டுவிட்டது.

வலையை உதறிக் கல்லைத் தண்ணீருக்குள் தள்ளினான். நிமிர்ந்தான். அடீலியோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கல்லைப் பார்க்கவில்லை, வலைக்கயிறு முடிந்திருந்த அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு புடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"அடியில கிடந்திருக்கும், அண்ணே."

"ம்." வலையின் ஓரத்தை மறுபடி பல்லுக்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். "நல்ல முடிச்சு."

அவ்வளவுதான் சொன்னார். வழக்கமாகக் கைமாறி வரும் சாராயப் புட்டி அன்று அவனைத் தாண்டி அடுத்தவனுக்குப் போனது.

காற்று நின்ற நாளில் மூடுபனி இறங்கியது. காலை ஏறியும் கலையவில்லை. கரை, கற்கள், எதிர்க்கரைக் கலங்கரை விளக்கம் எல்லாம் ஈரத்துணி போர்த்தியது போல மங்கி, பிறகு இல்லாமலே போயின. இப்படிப்பட்ட நாளில்தான் மடவை அதிகம். எல்லோரும் இறங்கினார்கள். ஒஸ்னியும் இறங்கினான். கற்களின் பக்கமிருந்து ஜுசேலியாவின் குரல் வந்தது: "இன்னைக்கு எதுவும் படத்துல விழாது. நான் சும்மா உக்காந்து பாக்கப்போறேன்." யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

இடப்புறம் வலை ஓரத்து ஈயக்குண்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். வலப்புறம் யாரோ இருமினார்கள். அது போதும் அவனுக்கு. ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கோ முன்னால் தண்ணீர் அறைபட்டது. வலை எட்டாத தூரம். இரண்டடி முன்னே போனான். மறுபடி அறைந்தது, இன்னும் தள்ளி. போனான். தண்ணீர் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. நேர் எதிரே அறைந்தது. வீசினான்.

வலை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு மணிக்கட்டில் சுற்றியிருந்த வலைக்கயிறு இறுகியது.

இழுத்தது.

மீன் இழுப்பது அப்படி இல்லை. மீன் துள்ளும். இது நிதானமாக, ஒரு ஆள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல இழுத்தது. அவன் கால் மணலைத் தேடியது. கழுத்து வரை தண்ணீர். வாய்க்குள் உப்பு. முடிச்சை அவிழ்க்க விரல் ஓடவில்லை, இரட்டை முடிச்சு. "அடீலியோ அண்ணே," என்றான். "அண்ணே, இங்க." ஈயக்குண்டுச் சத்தம் இல்லை. இருமல் இல்லை.

கயிறு தளர்ந்தது.

திரும்பினான். கரை எந்தப் பக்கம்? தண்ணீர் குறைகிற பக்கம். கால் வைத்துப் பார்த்து நகர்ந்தான். இடப்புறம் ப்ஹா. விலகினான். வலப்புறம் ப்ஹா. நேராகப் போனான், முதுகுக்குப் பின்னால் ப்ஹா, பிடரியில் சூடு, பால் வாடை. வழுவழுப்பான ஏதோ அவன் தொடையை உரசிக்கொண்டு போனது. ஓட ஆரம்பித்தான். விலகினால் அந்தப் பக்கம் அடைத்தது. நின்றால் பின்னாலிருந்து முட்டியது. ஓடினால் மட்டும் வழி இருந்தது. ஒரே ஒரு வழி.

இப்படித்தான் மடவையை ஓட்டுவாள். அது அவனுக்குத் தெரியும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான், எதிர்ப்பக்கத்தில் நின்று.

தண்ணீர் நெஞ்சுக்கு இறங்கியது. இடுப்புக்கு. பனிக்குள் கறுப்பாக ஒரு உருவம். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில். வரிசை. அழுகை வந்தது அவனுக்கு.

"நான்தான். ஒஸ்னி. நான்தான்யா வரேன்."

இன்னும் கிட்டே போனான். இப்போது முகம் தெரிந்தது. அடீலியோ. அவருக்கு இருபுறமும் மற்றவர்கள். எல்லோரும் அவனைப் பார்த்து நின்றார்கள். எல்லோர் தோளிலும் வலை மடிந்திருந்தது. எல்லோர் வாயும் வலையின் ஓரத்தைக் கடித்து மூடியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவன் மேல் இல்லை. அவனுக்குப் பின்னால், தண்ணீரில், ஓரிடத்தில்.

"அண்ணே. என்னப் பாருங்கண்ணே."

பின்னால் மூச்சு நின்றது.

தண்ணீர் அறைபட்டது.

வாய்கள் ஒன்றாகத் திறந்தன. வலைகள் பனிக்குள் எழுந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக விரிந்தன, வட்ட வட்டமாக, சத்தமே இல்லாமல், அவன் தலைக்கு மேலே இருந்த வெளிச்சம் முழுக்கக் கண்ணியாக.