ரத்தம் சொன்ன சாட்சி

போன் அலறியது.

அச்சக முதலாளி பாய்ந்து எடுத்தார். பாய்ந்தார் என்பது ஒரு பேச்சுக்கு. ஓயாத வயிற்றுப்போக்கில் சட்டை தொளதொளக்கும் அளவுக்கு இளைத்துப் போனவர், மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"டாக்டர்... என் ரத்தத்துல விஷம் இருக்கா?"

எதிரே மனைவி. வாசலில் இன்ஸ்பெக்டர். அவரை வரவழைத்ததே முதலாளியின் தம்பிதான்!

'எல்லாரும் கேட்கட்டும்' என்று ஸ்பீக்கரை அமுக்கியவனும் அவனே.

"அண்ணி சமையல்ல ஏதோ கலக்கறாங்க" என்று முதலில் காதைக் கடித்தது யார் என்கிறீர்கள்? அன்றிலிருந்து வீட்டுச் சோற்றை முதலாளி தொடவில்லை. தம்பி வாங்கி வரும் பன்தான் மூன்று வேளையும். அப்படியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை... "அப்போ தண்ணியில கலக்கறாங்க" என்றான் தம்பி.

சந்தேகம் முற்றியது!

"விஷம் எதுவும் இல்லை" என்றார் டாக்டர்.

முதலாளிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஆனா ஆன்டிபாடி டெஸ்ட் ஒண்ணும் சேர்த்துப் பார்த்தேன். எகிறிக் கிடக்கு. சீலியாக் நோய் மாதிரி தெரியுது. கோதுமை உள்ளே போனா உங்க உடம்பே உங்க குடலை அரிக்கும். இப்படியே விட்டா ஆள் தேற மாட்டீங்க. என்ன சாப்பிடறீங்க?"

"பன்... வெறும் பன்."

"கிழிஞ்சுது. பன்னே கோதுமை மைதாதானே! வீட்டுல சோறு கிடைக்காதா?"

முதலாளியால் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆறிப்போன தட்டை தினமும் வாய் திறக்காமல் எடுத்துப் போனவள் அவள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போன வருஷமே சொல்லியனுப்பினேனே" டாக்டர் விடவில்லை.

"யார்கிட்ட?"

"உங்க தம்பிகிட்டதான். அவருக்கும் இதே நோய். குடும்பத்துல வர்றது, அண்ணனையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்கன்னேன். அண்ணன் மாட்டேங்கறார்னு சொன்னாரே..."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை!

இத்தனை நாளில் அவன் ஒரு பன்னைக்கூடக் கடித்ததில்லை என்பது முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் சுடுகாட்டுக்கு... அண்ணி ஜெயிலுக்கு... அச்சகம்?

கூடப் பிறந்தவன். நெஞ்சு வலித்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"வாங்க தம்பி. நீங்க கூப்பிட்டு வந்த வண்டி, காலியாப் போகக் கூடாது."

"சார்... ஜெயில்ல உப்புமா, சப்பாத்தின்னு கோதுமையும் போடுவாங்க. என் உடம்பு தாங்காது."

அண்ணி முதன்முறையாக வாய் திறந்தாள்.

"கவலைப்படாதீங்க தம்பி. தினமும் நானே சமைச்சு அனுப்பறேன்... நம்பிக்கை இருந்தா சாப்பிடுங்க."