ஐந்து மணிக்கு இறங்கும் பிள்ளைகள்

மாடிப்படியில் மூன்று பேர் இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேர்தான் இறங்க வேண்டும்.

வெனீஷியா சீமாட்டி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஆயா பிரிக்ஸின் கனத்த காலணி, மகள் செசிலியின் துள்ளல், இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மெல்ல இறங்கும் இன்னொரு காலடி. மகன் லயனல் அப்படித்தான் இறங்குவான். அவனைக் குடும்பக் கல்லறையில் வைத்து ஆறு வாரம் ஆகிறது.

ஆல்ட்வர்த் மாளிகையில் பிள்ளை பெறுவது சீமாட்டியின் பொறுப்பு, வளர்ப்பது ஆயாவின் பொறுப்பு. மாலை ஐந்து மணிக்குத் தலைவாரி, மொடமொடவென்று உடுத்திக் கீழே கொண்டுவந்து காட்டுவார்கள். ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள். பெற்றவளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். வெனீஷியாவும் அப்படி வளர்ந்தவள்தான், அதில் குறை எதுவும் அவளுக்குத் தோன்றியதில்லை.

லயனலுக்குத் தொண்டை அடைப்பான் முற்றிய அன்று கீழே பதினெட்டுப் பேருக்கு விருந்து. பையன் உங்களைக் கேட்கிறான் என்று ஆயா சொல்லியனுப்பினாள். வீட்டுத் தலைவி எழுந்தால் பெண்கள் எல்லாரும் எழ வேண்டும். பழம் பரிமாறுமுன் எழுவது மரியாதை இல்லை. சற்றுப் பொறுத்து வருவதாகச் சொல்லிவிட்டாள். அவள் நோயறைக்குப் போனபோது அவன் கண்களை ஆயா மூடிவிட்டிருந்தாள்.

கதவு திறந்தது. ஆயாவும் செசிலியும் மட்டும்தான். ஆனால் செசிலி இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, யாரையோ பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கி வைத்திருந்தாள். கணப்பில் கட்டை எரிந்தும் அறை சில்லிட்டது. நோயறையில் தெளித்த பினாயில் வாசம் மெல்லப் பரவியது.

"கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு, செல்லம்?"

"லயனல் பிடிச்சிருந்தான், மம்மா."

"ஒரு வாரமா இதேதான் சொல்லுது, அம்மணி," என்றாள் ஆயா. "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"பொய் இல்ல. ராத்திரி என் கட்டில்ல வந்து படுத்துக்கறான். கழுத்தைக் கட்டிக்கறான். நீ வர்ற வரைக்கும் நான் கூட இருக்கணுமாம், மம்மா."

சொல்லிவிட்டு இருமினாள். வறண்ட, குரைப்பது போன்ற இருமல். வெனீஷியா மகளின் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். வெளிறிய தடங்கள். சின்ன விரல்கள்.

இவளையும் கொடுத்துவிட முடியாது.

"டாக்டருக்கு ஆள் அனுப்பு. செசிலி என் அறையில தூங்கட்டும், நீ கூடவே இரு. மேல நான் போறேன்."

"நீங்களா? எட்டு மணிக்கு பிஷப் சாப்பிட வர்றாரே அம்மணி. பிள்ளைங்க அறைக்கு வழி தெரியுமா உங்களுக்கு?"

ஆயா குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் வெனீஷியாவுக்குத் தாங்கவில்லை.

குறுகலான படி. இருட்டு. இரண்டு முறை தவறான கதவைத் திறந்தாள். பிறகு செசிலியின் சின்னக் கட்டில். காலை மடக்கிப் படுத்தாள்.

"வந்துட்டேன், கண்ணா. லேட்டாயிடுச்சு," என்று சொல்லி வாய்விட்டு அழுதாள்.

ஓசை இல்லை. பினாயில் வாசம். போர்வை தானாக விலகியது. மெத்தையின் ஓரம் அமுங்கியது. இரண்டு குளிர்ந்த கைகள் கழுத்தைச் சுற்றின.

"இனிமே எழுந்து போக மாட்டியே, மம்மா?"

"மாட்டேன்."

கீழே எங்கோ செசிலி சிரித்தாள். இருமல் இல்லை.

கைகள் இறுகின. மூச்சு பாதியில் நின்றது. பிடியை விலக்க அவள் கை தன்னால் எழுந்தது. அதை அவள் கீழே இறக்கினாள். அந்தச் சின்ன முதுகில் வைத்தாள். மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

பிடி தளரவில்லை.