பார்த்தேன், சரி

மதியம் ஒன்று பத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது, தனக்கு ஒரு மகள் இருப்பது பூங்கோதைக்குத் தெரியவில்லை.

"ஆதிரைக்கு நல்ல காய்ச்சலுங்க. அம்மா வேணும்னு அழுகறா," என்றார் ஆசிரியை. தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் கைப்பேசியின் முகப்புப் படத்தைப் பார்த்தாள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை பார்த்தது அணைகளின் மதகுகளை இயக்கும் மென்பொருளை எழுதும் குழுவில். கோயம்புத்தூரில் ஆறு பேர், ஆறு பேர் காதுக்குப் பின்னாலும் நினைவுகளைச் சேமித்துப் பகிரும் நினைவிணைப்பிச் சில்லு. அவரவர் நினைவு அவரவர் தன்கிளையில் இருக்கும். பொதுக்கிளையில் சேர்த்தால் ஆறு தலைக்குள்ளும் போய்விடும். விளக்கிச் சொல்லும் வேலையே கிடையாது. எதைச் சேர்த்தாலும் நீக்கினாலும் இன்னொருவர் படித்துவிட்டு 'பார்த்தேன், சரி' என்று அழுத்த வேண்டும். அருமையான விதி. படிக்கத்தான் ஆளில்லை.

பூங்கோதை பக்கத்து மேசைச் சென்னியப்பனை உலுக்கினாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் மாற்றப் பதிவேட்டைத் திறந்தான். காலை பதினொரு மணி: 'முப்பது நாளாகத் தொடாத நினைவுகள் நீக்கம்.' செய்தவர் பூங்கோதை. வெளியீட்டு அவசரத்தில் தலையில் இடம் போதாமல் அவளே ஓட்டிய துப்புரவுதான். நினைவிணைப்பிக்கு அலுவலக நேரம் மட்டும்தான் கணக்கு. ஒரு மாதமாக அந்த நேரத்தில் அவள் மகளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ஒப்புதல்: சென்னியப்பன்.

"படிச்சியா?"

"இல்லீங்கக்கா. நீங்க தப்புப் பண்ண மாட்டீங்கன்னு..." அவன் முகம் வெளிறிவிட்டது.

நீக்கியவை மூன்று மணி நேரம்தான் காப்பில் இருக்கும். இரண்டு மணிக்கு அந்தப் பிள்ளை அவளுக்கு நிரந்தரமாக அந்நியம். நூறு முறை செய்த வேலை என்பதால் விரல்கள் பழக்கத்தில் ஓடின. மீட்புக் கட்டளை போனது. சென்னியப்பன் அந்தக் கணமே 'பார்த்தேன், சரி' அழுத்தினான்.

எல்லாம் திரும்பி வந்தது. பிரசவ வலி, முதல் அழுகை, விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்த காலை. பூங்கோதை வாய்விட்டு அழுதபடி படியிறங்கி ஓடினாள். பின்னால் நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம் கேட்டது. திரும்பினால் ஐந்து பேரும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"என் புள்ளைக்குக் காய்ச்சல்," என்றான் கல்யாணமே ஆகாத சென்னியப்பன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழகிய விரல்கள் தன்கிளைக்குப் பதில் பொதுக்கிளையைத் தொட்டிருக்கின்றன.

பள்ளி வாசலில் ஆதிரை கொதிக்கும் உடம்போடு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இவங்க எல்லாம் ஏம்மா அழறாங்க?" என்று கேட்டாள். ஐந்து ஜோடிக் கைகள் அவளை நோக்கி நீண்டன. பூங்கோதைக்கு அவர்களைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு கையால் மகளை இறுக்கிக்கொண்டு, மறுகையால், மற்ற ஐந்து தலைகளிலிருந்தும் மகளின் நினைவுகளை நீக்கும் கோரிக்கையை அனுப்பினாள். ஒரே ஒருவர் ஒப்புதல் தந்தால் போதும்.

ஐந்து பேரும் கைப்பேசியை எடுத்தார்கள். முதல் தடவையாக வரி விடாமல் படித்தார்கள்.

யாரும் அழுத்தவில்லை.