மூச்சுக்கு இரண்டு விரல்

சட்டையின் தோள் தையல் மறுபடியும் விட்டிருந்தது. போன வாரம்தான் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியையெல்லாம் வெளியே எடுத்து, இரட்டைத் தையல் ஓட்டியிருந்தாள் தையல்காரி. படுத்த படுக்கையாய்க் கிடக்கிற புருஷனுக்கு எது இழுத்துத் தையல் விடும் என்று அவளுக்குப் புரியவில்லை. அப்படிச் சொல்வதுகூடச் சும்மா. புரிந்துகொள்ள மனசில்லை.

மூன்று வருடமாகத் தசை கரைந்துகொண்டே வந்த உடம்பு அது. மாதாமாதம் சட்டையை அரை அங்குலம் உள்ளே பிடிப்பாள். அப்புறம்தான் டாக்டரம்மா அந்த ஸ்டீராய்டு ஊசியோடு வந்தாள்.

"விளையாட்டுக்காரங்க திருட்டுத்தனமா போட்டுக்கிறதுதாம்மா. இந்த நோய்க்கு உதவுமான்னு பாக்குறோம். வாராவாரம் புஜத்தை அளந்து நோட்டுல எழுதுங்க. பன்னெண்டு அங்குலம் தாண்டினா ஊசியை நிறுத்திடுவோம்."

நிறுத்துவதாவது! அவன் தன் கையால் தம்ளரைத் தூக்கிக் குடித்த அன்று, குளியலறையில் வாய்க்குள் துண்டை அடைத்துக்கொண்டு அழுதவள் அவள். பன்னிரண்டு தாண்டியதும் டேப்பைச் சதை பிதுங்க இழுத்து அளக்க ஆரம்பித்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கஞ்சத்தனம் கிடையாது. கழுத்தளவு எடுக்கும்போது டேப்புக்குள் தன் விரல் இரண்டை விட்டுத்தான் எழுதுவாள். "மூச்சுக்கு ரெண்டு விரல்" என்பாள்.

பிற்பகல் மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மெஷின் எண்ணெய் வாசனையும் ஸ்பிரிட் நெடியும் கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ள, சட்டையோடு அறைக்குள் நுழைந்தவளுக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். கட்டிலின் மரச்சட்டம் மெல்ல முனகியது. நின்றது. மறுபடி முனகியது.

அவன் முகம் மட்டும் பழைய நோயாளி. தோளுக்குக் கீழே வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

"கட்டிலைப் பிடிச்சுக்கிட்டே இருக்கு" என்றான்.

"விடுங்களேன்."

"நான் பிடிக்கல. என்னைக் கேக்காத, அதைக் கேளு."

"ஆமா, இனிமே கைக்கும் மரியாதை குடுத்துப் பேசணுமாக்கும்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவளுக்குப் பயமாக இருந்தது.

புஜத்தில் டேப்பைச் சுற்றினாள். பதினைந்து. இழுத்தாள். வழக்கமாகப் பிதுங்கும் சதை இன்று பிதுங்கவில்லை. டேப்புக்கு எதிராக எழும்பியது. அவன் மூச்சு விடும் நேரத்துக்கும் அது அசையும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"நீ இழுத்து அளக்குறது அதுக்குப் பிடிக்கல" என்றான்.

அப்படியானால் இவனுக்கு எல்லாம் தெரியும். அவள் டேப்பை உருவி, வழக்கம்போல் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டாள். கட்டிலில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் வைத்து எழுதினாள். பதினொன்றரை.

மரச்சட்டம் முனகுவதை நிறுத்தியது.

கட்டிலை விட்டுவிட்டது.

டேப்பின் இரண்டு முனைகளும் தொண்டையைச் சுற்றி, பின்னாலிருந்து வந்த கையின் ஒரே பிடியில் போயின. தலை பின்னுக்கு இழுபட்டது. நோட்டு கீழே விழுந்தது.

"ஓடு!" என்று அவன் கத்தினான். "ஐயோ, ஓடு!"

எங்கே ஓடுவது?

"விடச் சொல்லுங்க! டாக்டர்கிட்ட நெஜத்தைச் சொல்லிடுறேன். ஊசிய நிறுத்தச் சொல்றேன்!"

"அப்படிச் சொல்லாத" என்று அவன் கெஞ்சினான். "அதுக்குக் கேக்கும்."

கேட்டது.

அவள் இரண்டு விரல்களை டேப்புக்குள் நுழைத்தாள். கழுத்துக்கும் டேப்புக்கும் நடுவே. அவ்வளவுதான் இடம். டேப் விரல்களின் மேலேயே இறுகியது. ஒன்று மளுக்கென்றது. இன்னொன்று.

மழைச் சத்தம் தூரப் போனது. அந்தக் கையின் கட்டைவிரல் டேப்பை நிதானமாக, எண் எண்ணாக உள்ளே வாங்கியது. அவள் காதுக்குப் பக்கத்தில் புருஷன் தேம்பித் தேம்பி, தன் கையில் நகரும் எண்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

"பதிமூணு," என்றான். "பன்னெண்டு."

"பதினொண்ணரை."