பொதுமூச்சுக் கட்சியின் ஏழாம் வரலாறு

பொதுக்குழு கூடும் நாளில் செவ்வாய்க் கிரகத்தில் எல்லாரும் வெறும் வயிற்றோடுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். பல் துலக்கி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, கட்சித் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, முதலில் போய்ப் புதிய வரலாற்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் இட்லி. வயிறு நிறைந்திருக்கும்போது ஏற்றினால் பழைய வரலாறு எதுக்களிக்கும் என்று வரலாற்றுப் பிரிவு சுற்றறிக்கை விட்டிருந்தது.

கட்சியில் சேரும்போதே வலது காதுக்குப் பின்னால் கடுகளவு மணி ஒன்றைப் பதித்துவிடுவார்கள். நினைவுமணி என்று பெயர். கட்சி நிலைப்பாட்டை மாற்றும்போதெல்லாம் கட்சிச் சாவடியில் உட்கார்ந்து, அந்த இடத்தில் ஒரு தொடுகோலை வைத்துக்கொண்டால் போதும். லேசாக அரிக்கும். நாக்கில் இரும்புச் சுவை தட்டும். நேற்றுவரை துரோகியாக இருந்தவர், எந்நாளும் நண்பராகவே இருந்தவர் ஆகிவிடுவார். பூமியில் நம் முன்னோர் இந்த வேலையை எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் மனத்தாலேயே செய்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் அந்த முன்னோரை நினைத்துப் பரிதாபப்படுவார்கள். என்னைக் கேட்டால், கொஞ்சம் பெருமையும் படலாம்.

அன்று ஏற்றப்பட இருந்தது ஏழாம் வரலாறு.

கட்சியின் முழுப்பெயர் பொதுமூச்சுப் பேரியக்கம். செவ்வாயின் எல்லாக் குடியிருப்புக் குமிழ்களிலும் கிளை இருந்ததால் தேசியக் கட்சி. அது பிறந்த கதை எளிமையானது. குடியேற்றத்தின் தொடக்கத்தில் காற்றுக் கம்பெனி ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் ஒரு மீட்டரை வைத்தது. மூச்சை எண்ணிக் கட்டணம் போட்டது. ஓடுகிறவனுக்குக் கூடுதல், தூங்குகிறவனுக்குச் சலுகை. புதிதாகக் கல்யாணமானவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அப்போது குழாய் பொருத்தும் வேலை பார்த்த ஒருவர் மீட்டரைக் கழற்றித் தரையில் போட்டு மிதித்து, "மூச்சு பொது, எண்ணாதே" என்றார். அவரைத்தான் தொடக்கவர் என்கிறார்கள். கட்சியின் கொள்கை முழுவதும் அவ்வளவுதான். ஒரு துண்டின் ஓரத்தில் நெய்துவிடலாம், நெய்தும் விட்டார்கள். நீளமான கொள்கைகளை மடித்துத் தோளில் போட முடியாது என்பதால் இது நீடித்து நின்றது.

ஆட்சியில் இருந்த அளவீட்டு முன்னேற்றக் கட்சிக்கு இது பிடிக்கவில்லை. கீழ்க்குமிழில் பொதுமூச்சுத் தொண்டர்கள் வீடுவீடாக மீட்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, காற்று அமைச்சராக இருந்த துரையரங்கம் அந்தக் குமிழின் வால்வை மூடச் சொன்னார். பாடம் கற்பிக்க, கொஞ்ச நேரத்துக்கு. திறந்தபோது பலர் எழுந்திருக்கவில்லை.

முதல் வரலாற்றில் அது படுகொலை. மூன்றாவதாக ஒரு கட்சியை வீழ்த்த இரு கட்சிகளும் கைகோத்தபோது, இரண்டாம் வரலாற்றில் அது விபத்தானது. கூட்டணி முறிந்ததும் மறுபடி படுகொலை. பிறகு பொதுமூச்சே ஆட்சிக்கு வந்தது. மீட்டர்களை அகற்றவில்லை. பச்சை வண்ணம் அடித்து, பங்களிப்புக் காட்டி என்று பெயர் வைத்தார்கள். அந்த வரலாற்றில் கீழ்க்குமிழே இல்லை. இப்போது ஏழாவதில் வால்வு துருப்பிடித்திருந்தது. அதைத் திறக்கத் துரையரங்கம் தம் கையாலேயே போராடினார்.

அளவீட்டுக் கட்சியோடு மறுபடி கைகோக்கும் இந்தக் கூட்டணித் தீர்மானத்தை முன்மொழியத் தலைமை தேர்ந்தெடுத்தது கலியமூர்த்தியை. கீழ்க்குமிழின் வட்டச் செயலாளர். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். அவருடைய தங்கை தையல்நாயகி, வால்வை மூடிய அன்று செத்தவர்களில் ஒருத்தி. செத்தவளின் அண்ணனே முன்மொழிந்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பது தலைமையின் கணக்கு. இதில் கொடுமை எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. மேடை ஏறும்போது அவருக்குத்தான் எதுவும் நினைவிருக்காதே.

கலியமூர்த்தியின் பிரச்சினையே அதுதான். அவருக்கு வரலாறு ஏறவே ஏறாது.

ஒவ்வொரு முறையும் காதைக் கொடுத்தார். அரித்தது. இரும்பு சுவைத்தது. எழுந்து வெளியே வந்தால் தையல்நாயகி அப்படியேதான் கிடந்தாள், சுவரோரம், தரைத் தகடுகள் சேரும் இடுக்கில் வாயை வைத்தபடி. அந்த இடுக்கில் கொஞ்சம் காற்று கசியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கசியவில்லை. இத்தனை வருஷமாக இதை வெளியே காட்டாமல் இருக்க, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதே முகத்தை வைத்துக்கொள்ளவும், கைதட்டலில் ஒரு நொடி பிந்திச் சேர்ந்துகொள்ளவும் பழகியிருந்தார். அகப்பட்டால் தண்டனை கிடையாது. ஒவ்வாதவர் என்று குறித்து, ஆலோசனைக் குழுவில் போட்டுவிடுவார்கள். அங்கே போனவரிடம் யாரும் ஆலோசனை கேட்டதில்லை.

இந்த முறை வரலாறு ஏற வேண்டுமென்றே அவர் விரும்பினார். மேடையில் துரையரங்கத்தின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும், நினைவோடு அதைச் செய்ய அவரால் முடியாது. ஆனால் ஏறிவிட்டால், தங்கை எப்படிச் செத்தாள் என்று அறிந்த கடைசி ஆளும் போய்விடுவார். மற்றவர்களுக்குத்தான் மணி வேலை செய்கிறதே. இரவெல்லாம் இரண்டையும் புரட்டிப் பார்த்தவர், விடிந்ததும் முதல் ஆளாகச் சாவடிக்குப் போனார்.

அங்கே இருந்தவள் ஜெயசீலி, வரலாற்றுப் பிரிவின் பொறியாளர். வாய்த்துடுக்கு உண்டு, வேலையிலும் கெட்டி.

"என்னண்ணே, கோழி கூவுறதுக்கு முன்னாடியே? இட்லி வாசன இழுக்குதா?" என்றாள்.

கலியமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே சுவரில் இருந்த தொடக்கவர் படத்தைப் பார்த்தே பேசினார். கடைசியில், "ஒரு தடவைகூட ஏறினதில்லம்மா. இன்னிக்கு மட்டும் ரெண்டு பங்கா வச்சுடு. வலிச்சாலும் பரவால்ல" என்றார்.

ஜெயசீலி எழுந்து திரையை இழுத்து மூடினாள். தொடுகோலை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லண்ணே."

"ஏழாவது இன்னும் வரலையா?"

"வரவே வராது. மூணாவது வரலாறுலேர்ந்தே இது வெறும் அரிப்புதான்."

அவள் சொன்னது இது. மூன்றாம் வரலாறு வந்த சமயம், தலைமையகத்தின் பெரிய கருவி எரிந்துபோனது. புதிய வரலாற்றை யாருக்கும் அனுப்ப முடியவில்லை. கட்சி உடைந்துவிடும் என்று தலைவர்கள் நடுங்கினார்கள். ஆளனுப்பி விசாரித்தால், உறுப்பினர்கள் எல்லாரும் ஏற்கனவே மாறியிருந்தார்கள். சில வட்டங்களில் அறிவிப்பே வரவில்லை, கூட்டணி முறியலாம் என்று வதந்தி கேட்டதோடு மாறிவிட்டார்கள். அப்புறம் எதற்குக் கருவியைச் சரிசெய்வது? அரிப்பையும் இரும்புச் சுவையையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கலியமூர்த்தி தொடுகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்தச் சாவடி எதுக்கும்மா?"

"நாமளேதான் மாறினோம்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்லண்ணே. மெஷின் மாத்துச்சுன்னா நிம்மதியாப் போய்ச் சாப்பிடலாம்."

"அவங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"மணியச் சோதிக்கத்தான் எங்கிட்ட கருவி இருக்கு. மனுசனச் சோதிக்க இல்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அரிப்பு ஏற்றக் காதைக் காட்டச் சொன்னாள். தேய்த்துக்கொண்டே வெளியே போகாவிட்டால் வரிசையில் இருப்பவர்கள் சந்தேகப்படுவார்களாம்.

அவர் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தவர் நாவுக்கரசு, மாவட்டச் செயலாளர். கட்சியில் ஒருவரை ஒருவர் பதவியின் பேரால்தான் அழைப்பார்கள். "என்ன வட்டம், நல்லா ஏறுச்சா?" என்றார் நாவுக்கரசு. ஏறிவிட்டது மாவட்டம் என்றார் இவர். தமக்கும் சுத்தமாக ஏறிவிட்டதாகவும், துரையரங்கம் மாதிரி ஒரு தங்கமான மனிதரை இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று வருத்தமாக இருப்பதாகவும் சொல்லிவிட்டு, நாவுக்கரசு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.

கலியமூர்த்தி அந்த முகத்தையே பார்த்தார். அன்று கீழ்க்குமிழிலிருந்து தையல்நாயகியை வெளியே தூக்கி வந்தவர்கள் இரண்டு பேர். தலைப்பக்கம் இவர், கால்பக்கம் இந்த நாவுக்கரசு. மணி வேலை செய்யாமலே இவனுக்கு எல்லாம் மறந்துவிட்டதா? இல்லை, எல்லாம் நினைவிருந்தும் சட்னி இறங்குகிறதா? எது தேவலை என்று அவருக்குத் தெரியவில்லை.

மேடையில் துரையரங்கம் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது; மூக்கில் குழாய். கலியமூர்த்தியின் கையைப் பிடித்து இரண்டு முறை குலுக்கினார். அந்தக் கை குழந்தையின் கை போல மெத்தென்று இருந்தது. அதுதான் கலியமூர்த்தியைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. கரடுமுரடான கையைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார்.

தலைமையகம் எழுதிக்கொடுத்த உரை அவர் எதிரே கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த வால்வு என்ற இடம் வந்தது. அவர் நிறுத்தினார். கண்ணாடி அவருக்காகக் காத்திருந்துவிட்டு, அதே வரியை மறுபடி காட்டியது.

"வால்வு துருப்பிடிக்கல" என்றார் கலியமூர்த்தி. "மூடினாங்க. இந்தா உக்காந்திருக்காரே, இவர்தான் மூடச் சொன்னார். என் தங்கச்சி தையல்நாயகி தரை இடுக்குல வாய வச்சுக்கிட்டுக் கெடந்தா. உங்க காதுல இருக்கிற மணியில ஒண்ணும் கிடையாது. ரொம்ப நாளாவே கிடையாது. அதனால உங்களுக்கும் இது மறந்திருக்காதுன்னு நெனைக்கிறேன். மறந்திருந்தா சொல்லுங்க, நான் எறங்கிப் போயிடறேன்."

ஆலோசனைக் குழுவில் தமக்கு எந்த மூலையில் நாற்காலி போடுவார்கள் என்று யோசிக்கக்கூட அவருக்கு நேரம் இருந்தது.

முன்வரிசையில் நாவுக்கரசு எழுந்தார். உதடு கோணியது. "கலியா, கால்பக்கம் நான்தான்டா புடிச்சேன்" என்றார். "ஒரு கால்ல செருப்பு இருந்துச்சு. இன்னொண்ண எங்க தேடியும் கெடைக்கல."

அவர் முடிக்கும் முன்பே பின்னால் ஒரு பெண் எழுந்து தன் கணவன் பெயரைச் சொன்னாள். வடக்குக் குமிழ்க்காரர் ஒருவர், அன்று வெளியே நின்று கதவைத் தட்டியதில் உடைந்த தம் விரலைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் மாற்றி ஒருவராக எழுந்தார்கள். யாருக்கும் எதுவும் மறந்திருக்கவில்லை. போர்த்திய போர்வையின் நிறம், யார் முதலில் கத்தியது, கதவைத் திறந்தபோது வந்த வாடை, எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொருவரும் தமக்கு மட்டும்தான் மணி பழுது என்று நினைத்துப் பக்கத்து முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியிருக்கிறார்கள்.

மண்டபமே அழுதது. நாடகம் எதுவும் இல்லை, உண்மையாகவே அழுதார்கள். அழுகைக்கு மூச்சு அதிகம் செலவாகும். சுவரில் இருந்த பச்சைக் காட்டிகள் வேகமாக ஓடின. துரையரங்கமும் கைக்குட்டையை எடுத்தார். அது கண்ணீரா, குழாயில் கோத்த ஈரமா என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது. எங்கோ ஒரு குரல் "மூச்சு பொது" என்றது. மண்டபம் "எண்ணாதே" என்று அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கலியமூர்த்தி தங்கையோடு தனியாக இல்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கி, அங்கே காற்று புகுவது அவருக்குத் தெரிந்தது.

பொதுச் செயலாளர் அவசரப்படவில்லை. அனுபவம் உள்ளவர். இறந்தவர்களுக்காக எல்லாரும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றார்கள். பச்சைக் காட்டிகள் மெல்ல ஓய்ந்தன. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். கீழ்க்குமிழின் உணர்ச்சிமிக்க உரைக்குக் கட்சியின் நன்றியைத் தெரிவித்தார். எட்டாம் வரலாறு எழுதும்போது இதையெல்லாம் கருத்தில் கொள்ளலாம் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனி, தீர்மானம். ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே மேலே போயின. பல கைகள் இன்னும் ஈரமாக இருந்தன. நாவுக்கரசு விசும்பிக்கொண்டே உயர்த்தினார். கணவன் பெயரைச் சொன்ன பெண் உயர்த்தினாள். உடைந்த விரலும் மேலே தெரிந்தது. எந்த முகத்திலும் கள்ளம் இல்லை, பயம்கூட இல்லை. அழ வேண்டிய இடத்தில் அழுதார்கள், உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தினார்கள், அவ்வளவுதான்.

கலியமூர்த்தி மேடையிலிருந்து ஒரே ஒரு தாழ்ந்த கையைத் தேடினார். முதல் வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு முகமாக. ஒன்று போதும், ஓட்டுக்காக இல்லை, சும்மா பார்த்துக்கொள்ளத்தான். கடைசிச் சுவர்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். ஒன்றுகூட இல்லை. ஆத்திரமாக வந்தது. இப்போதுதானே அழுதீர்கள் என்று கேட்க வாயெடுத்தார்.

பொதுச் செயலாளர் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்தியாகப் பார்த்தார். பார்வை கலியமூர்த்தியிடம் வந்ததும் ஒரு கணம் நின்று, புன்னகையோடு தலையசைத்தது.

"ஏகமனதாக" என்றார்.

எதற்கு இந்தப் புன்னகை என்று கலியமூர்த்திக்குப் புரியவில்லை. அப்போதுதான் தோள்பட்டை வலிப்பது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தார். எப்போது போனதோ, அவர் கையும் மேலேதான் இருந்தது.